முதல் நிரலைக் கட்டளை வரியில் ஓட்ட: பைதானா, சியா, ஜாவாவா?

"வணக்கம்" என்று திரையில் ஒரு வரி அச்சிடுவதை மட்டும் வைத்து முதல் மொழியைத் தேர்ந்தெடுத்தால் ஏமாந்துபோவீர்கள். அந்த ஒரு வரியை எல்லா மொழிகளும் அச்சிடும். நிரலிடம் ஒரு எண்ணைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்லும்போதுதான், அதிலும் எண்ணைத் தப்பாகக் கொடுக்கும்போதுதான், மொழிகளுக்கு நடுவே உள்ள வித்தியாசம் தெரியும்.

ஆகவே எல்லா மொழிக்கும் ஒரே கணக்கு: மனையின் பரப்பைச் சதுர அடியில் கேட்டு, அது எத்தனை சென்ட் என்று சொல்லவேண்டும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு கிரவுண்டுக்கு 2400 சதுர அடி, அதாவது 5.51 சென்ட். இந்த விடை வந்தால் நிரல் சரி. பிறகு அதே நிரலிடம் 2,400 என்று காற்புள்ளி வைத்துக் கொடுத்துப் பாருங்கள். மனிதர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். அங்கே ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். எங்கள் தேர்வுக்கு அதுதான் முக்கியக் காரணம்.

ஒரு குறிப்பு. கட்டளைகளையும் நிரல் வரிகளையும் இங்கே ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து என்று சொல்லாத இடமெல்லாம் சிறிய எழுத்துதான். நிரலில் மேற்கோள் குறிக்குள் வரும் செய்தி மட்டும் தமிழிலேயே இருக்கலாம், அங்கேயும் % அல்லது \ குறியோடு ஒட்டி வரும் எழுத்துகள் ஆங்கிலம்தான்.

எந்த மொழியானாலும் முதலில் தடுக்கும் கற்கள்

நிரல் ஓடாததற்குப் பாதி நேரம் மொழி காரணமாக இருக்காது. விண்டோஸில் நோட்பேடில் எழுதி "நிலம்.பிஒய்" என்று சேமித்தால், அது சத்தமில்லாமல் "நிலம்.பிஒய்.டிஎக்ஸ்டி" ஆகிவிடக்கூடும். ஃபைல் எக்ஸ்ப்ளோரர் கடைசி ஒட்டை மறைத்துவிடுவதால் கண்ணுக்குச் சரியாகவே தெரியும். சேமிக்கும்போது கீழே உள்ள வகைப் பட்டியலில் "ஆல் ஃபைல்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். கட்டளைகளைத் தட்டும் சன்னலான டெர்மினலில் "டிஐஆர்" என்று தட்டினால் உண்மையான பெயர் தெரிந்துவிடும். லினக்ஸிலும் மேக்கிலும் அதற்கு "எல்எஸ்".

அடுத்தது, நிற்கும் ஃபோல்டர். ஃபைல் டி டிரைவில் இருக்க, டெர்மினல் சி டிரைவில் நிற்கும். பழைய கமாண்ட் பிராம்ப்டில் "சிடி டி:\பாடம்" என்று தட்டினால் எதுவும் நகராது, எரரும் வராது. "சிடி /டி டி:\பாடம்" என்று தட்டவேண்டும். ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தால் முழுப் பாதையையும் இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள்.

மூன்றாவது, வாட்ஸாப்பிலிருந்தோ வேர்டிலிருந்தோ நகலெடுத்த நிரல். அவை நேரான மேற்கோள் குறியை வளைந்த குறியாக மாற்றிவிடும். பைதான் "இன்வாலிட் கேரக்டர்" என்று அந்தக் குறியையே சுட்டிக்காட்டும். சி நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் (கம்பைல் செய்யும்) ஜிசிசியின் பழைய பதிப்பு "ஸ்ட்ரே \342" என்று எண்ணாகச் சொல்லி மிரட்டும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: மேற்கோள் குறிகளை அழித்துவிட்டுக் கையால் மறுபடி தட்டுவது. பத்து வரிக்குள் இருக்கும் நிரலை நகலெடுக்காமல் தட்டியே பழகுங்கள். விரல் தப்புச் செய்து, எரர் வந்து, அதைத் திருத்தும்போதுதான் மொழி மனசில் உட்காரும்.

பைதான்

லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில் பைதான் ஏற்கெனவே இருக்கிறது. "பைதான்3" என்றுதான் தட்டவேண்டும். வெறும் "பைதான்" என்றால் அப்படியொரு கட்டளை இல்லை என்று சொல்லும். மேக்கில் முதல் தடவை தட்டும்போது டெவலப்பர் கருவிகளை இன்ஸ்டால் செய்யட்டுமா என்று கேட்கும், சரி என்று சொல்லிவிடுங்கள். விண்டோஸில் வெறும் "பைதான்" என்று தட்டினால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொள்ளும். கணினியில் பைதான் இல்லை, அல்லது டெர்மினல் தேடும் இடத்தில் இல்லை என்பதுதான் அதன் பொருள். வழக்கமான இன்ஸ்டாலரைப் பயன்படுத்தினால், முதல் பக்கத்தின் அடியில் பாத்-இல் (டெர்மினல் கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியலில்) சேர்ப்பதற்கு ஒரு சிறிய பெட்டி இருக்கும். அதை டிக் செய்யாமல் தாண்டிப் போனவர்கள்தான் பிறகு "ரெகக்னைஸ்டு இல்லை" என்ற வரியோடு மல்லுக்கட்டுகிறார்கள். தாண்டிவிட்டீர்களா? "பிஒய் நிலம்.பிஒய்" என்று தட்டிப் பாருங்கள், அந்த லாஞ்சர் பாத் இல்லாமலும் பெரும்பாலும் வேலை செய்யும்.

நிரல் இரண்டே வரி:

அடி = ஃப்ளோட்(இன்புட்("சதுர அடி: "))
பிரிண்ட்(ரவுண்ட்(அடி / 435.6, 2))

முதல் வரியில் உள்ள "அடி" என்ற பெயரைத் தமிழ் எழுத்திலேயே தட்டலாம். பைதான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும். "பைதான்3 நிலம்.பிஒய்" என்று ஓட்டி, 2400 கொடுத்தால் 5.51 வரும்.

இங்கே நடக்கும் முதல் தப்பு, எழுத்தை எண்ணாக மாற்றும் ஃப்ளோட் என்பதை விட்டுவிடுவது. இன்புட் எதை வாங்கினாலும் எழுத்துக் கோவையாகவே தரும், எழுத்தை எண்ணால் வகுக்க முடியாது. பைதான் "டைப்எரர்" என்று சொல்லி நின்றுவிடும். எந்த வரியில் நின்றது என்பதையும் அந்த வரியையே அச்சிட்டுக் காட்டும். எரரை எப்போதும் கீழிருந்து மேலாகப் படியுங்கள்: கடைசி வரியில் காரணம், அதற்கு மேலே இடம்.

இரண்டாவது தப்பு இன்னும் பரவலானது. வெறும் "பைதான்3" என்று தட்டிவிட்டால் மூன்று அம்புக்குறிகளோடு பைதானின் சொந்த உரையாடல் திறக்கும். அங்கே போய் "பைதான்3 நிலம்.பிஒய்" என்று தட்டுவார்கள், "சின்டாக்ஸ்எரர்" வரும். அந்த இடத்தில் பைதான் வரிகள் மட்டும்தான் செல்லும், டெர்மினல் கட்டளை செல்லாது. "எக்ஸிட்()" என்று தட்டி வெளியே வந்து, பிறகு ஓட்டுங்கள். மூன்று அம்புக்குறி தெரிந்தால் பைதானுக்குள் இருக்கிறீர்கள், டாலர் குறியோ ஃபோல்டர் பாதையோ தெரிந்தால் டெர்மினலில் இருக்கிறீர்கள். இந்த ஒன்றைக் கண்ணுக்குப் பழக்கிக்கொண்டால் முதல் வாரத்துக் குழப்பத்தில் பெரும்பகுதி போய்விடும்.

இப்போது 2,400. பைதான் "வேல்யூஎரர்" என்று நின்று, நீங்கள் கொடுத்த 2,400 என்ற எழுத்துக் கோவையையே மேற்கோளுக்குள் வைத்துக் காட்டும். தப்பான விடை தராமல் நிற்கிறது, நின்ற காரணத்தையும் சொல்கிறது. புதியவருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடைப்பது கடினம்.

சி

சியின் முதல் பாடம் மொழியைவிடப் பழமையான ஒரு நடைமுறை: எழுது, கம்பைல் செய், ஓட்டு. "ஹலோ வேர்ல்ட்" என்ற வழக்கமே பெல் ஆய்வகத்தில் பிரையன் கெர்னிகன் 1974-இல் எழுதிய சி பயிற்சிக் குறிப்பு வழியாகத்தான் பரவத் தொடங்கியது. அப்போது இருந்த மூன்று படிகளும் இன்றும் அப்படியே இருக்கின்றன.

உபுண்டுவில் "சூடோ ஏபிடி இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல்" என்ற ஒரே கட்டளை போதும், சி, சி++ இரண்டுக்குமான கம்பைலர் வந்துவிடும். மேக்கில் முன்னே சொன்ன அதே டெவலப்பர் கருவிகளுக்குள் இருக்கிறது. விண்டோஸில்தான் வேலை அதிகம். எம்எஸ்ஒய்எஸ்2 என்ற கருவித் தொகுப்பைப் போட்டு, பாத் திருத்தி, டெர்மினலை மூடித் திறக்கவேண்டும். அதைவிட, பவர்ஷெல்லை நிர்வாகியாகத் திறந்து "டபிள்யூஎஸ்எல் --இன்ஸ்டால்" என்று தட்டி, கணினியை மறுபடி துவக்கி, விண்டோஸுக்குள்ளேயே ஓர் உபுண்டுவை வைத்துக்கொள்வது நல்லது என்பது எங்கள் கருத்து. அங்கே கடவுச்சொல் தட்டும்போது திரையில் புள்ளிகூட வராமல் இருக்கலாம். விசைப்பலகை கெட்டுவிட்டதோ என்று நினைக்கவேண்டாம், தட்டிவிட்டு என்டர் அழுத்துங்கள். உங்கள் சி டிரைவ் "/எம்என்டி/சி" என்ற இடத்தில் இருக்கும்.

#இன்க்ளூட் <எஸ்டிடிஐஓ.எச்>
இன்ட் மெயின்(வாய்ட்) {
  டபுள் ஏ;
  பிரிண்ட்எஃப்("சதுர அடி: ");
  ஸ்கேன்எஃப்("%எல்எஃப்", &ஏ);
  பிரிண்ட்எஃப்("%.2எஃப்\என்", ஏ / 435.6);
  ரிட்டர்ன் 0;
}

இதை "ஜிசிசி -வால் நிலம்.சி -ஓ நிலம்" என்று கம்பைல் செய்து, "./நிலம்" என்று ஓட்டவேண்டும். "வால்" என்பதில் டபிள்யூ மட்டும் பெரிய எழுத்து. "-ஓ நிலம்" விட்டுப்போனால் "ஏ.அவுட்" என்ற பெயரில் ஃபைல் உருவாகும், தப்பில்லை. "./" எதற்கு? வெறும் பெயரைத் தட்டினால் டெர்மினல் பாத்-இல் உள்ள ஃபோல்டர்களில் மட்டும்தான் தேடும். நிற்கும் ஃபோல்டர் அந்தப் பட்டியலில் இல்லை. யாரோ ஒரு ஃபோல்டரில் "எல்எஸ்" என்ற பெயரில் தீய நிரலை வைத்துவிட்டால் அது ஓடிவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. இதனால்தான் முதல் நிரலுக்கு "டெஸ்ட்" என்று பெயர் வைக்கவேண்டாம் என்கிறோம். "./" மறந்து வெறும் "டெஸ்ட்" என்று தட்டினால் ஷெல்லுக்குள் ஏற்கெனவே இருக்கும் டெஸ்ட் கட்டளை ஓடி, திரையில் ஒன்றும் வராமல் முடிந்துவிடும். நிரலில்தான் கோளாறு என்று மணிக்கணக்கில் தேடுவீர்கள்.

-வால் இல்லாமல் ஒருபோதும் கம்பைல் செய்யாதீர்கள். காரணம் இந்த எட்டு வரிக்குள்ளேயே இருக்கிறது. "%எல்எஃப்" என்பதற்குப் பதில் "%எஃப்" என்று எழுதினால், ஸ்கேன்எஃப் எட்டு பைட் இடத்தில் நான்கு பைட் மட்டும் நிரப்பும். மீதி நான்கு பைட்டில் ஏற்கெனவே என்ன கிடந்ததோ அதுவும் சேர்ந்து விடையாக வரும். நிரல் நிற்காது. & குறியை விட்டால் பெரும்பாலும் "செக்மென்டேஷன் ஃபால்ட்" என்ற இரண்டு சொல்லோடு விழும், எந்த வரி என்று சொல்லாது. -வால் போட்டிருந்தால் இரண்டையும் ஓட்டுவதற்கு முன்பே கம்பைலர் எச்சரித்திருக்கும். முதல் வரி இன்க்ளூடை விட்டால், ஜிசிசி 13 வரை எச்சரிக்கையோடு விட்டுவிடும், 14-இலிருந்து எரர் என்று நிறுத்திவிடும். நல்ல மாற்றம் அது.

சியிடம் 2,400 கொடுத்தால்? ஸ்கேன்எஃப் 2 வரை படிக்கும், காற்புள்ளியைக் கண்டதும் நின்றுகொள்ளும், 2-ஐ 435.6-ஆல் வகுத்து 0.00 என்று அச்சிடும். எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை. ஒரு கிரவுண்ட் மனை பூஜ்யம் சென்ட் ஆகிவிட்டது. இதைத் தடுக்க ஸ்கேன்எஃப் திருப்பித் தரும் எண்ணைச் சோதித்தாலும் போதாது. 2-ஐப் படித்துவிட்டதால் அது 1 என்று வெற்றியாகவே சொல்லும். முழு வரியையும் படித்து, எங்கே நின்றது என்று பார்க்கவேண்டும், அது முதல் நாள் வேலை இல்லை.

இதைச் சொல்லிச் சியை ஒதுக்கவில்லை. நினைவகத்தில் ஒரு எண் எத்தனை பைட் பிடிக்கிறது, கம்பைலர் என்ன செய்கிறது, ஓடும் ஃபைல் என்றால் என்ன என்பதையெல்லாம் சிபோல வேறெதுவும் கைமேல் காட்டாது. மின்னணுவியல் படிப்பவர், மைக்ரோகண்ட்ரோலர் பக்கம் போகிறவர், ஏற்கெனவே லினக்ஸில் இருப்பவர் சியிலேயே தொடங்கலாம். தவறான விடை மௌனமாக வரும் என்பதை முதலிலேயே தெரிந்துகொண்டு தொடங்கவேண்டும், அவ்வளவே.

தமிழக மேல்நிலைப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுத்தவர்களுக்கு: பதினோராம் வகுப்பில் சி++, பன்னிரண்டில் பைதான். பதினொன்றில் இருப்பவர் வீட்டில் "ஜி++ -வால் நிலம்.சிபிபி -ஓ நிலம்" என்று ஓட்டிப் பழகலாம். படிகள் சிக்குச் சொன்னவையே. & குறித் தொல்லை, சி++-இல் எண்ணைப் படிக்கும் "சிஇன்" என்ற கட்டளையில் இல்லை, "%எல்எஃப்" தொல்லையும் இல்லை. 2,400-க்கு மட்டும் அங்கேயும் 2-ஐ மட்டும் படித்து, சத்தமில்லாமல் தப்பான விடைதான்.

ஜாவா

ஜாவாவைப் பற்றி நீங்கள் கேட்டிருக்கும் புகார் பாதிப் பழசு. பப்ளிக், ஸ்டேட்டிக், வாய்ட் என்று பொருள் தெரியாமலே ஐந்தாறு சொற்களை மனப்பாடம் செய்யவேண்டிய நிலை 2025 செப்டம்பரில் வந்த ஜாவா 25-ஓடு முடிந்தது. இப்போது "வாய்ட் மெயின்()" என்று தொடங்கி, உள்ளே இரண்டு வரி எழுதினால் போதும், கிளாஸ் என்ற கூடு தேவையில்லை. கம்பைல் படியையும் 2018-இல் வந்த ஜாவா 11-இலிருந்தே தனியாகச் செய்யவேண்டியதில்லை. "ஜாவா நிலம்.ஜாவா" என்றால் நேரே ஓடும்.

சிக்கல் வேறு இடத்தில். உபுண்டு 24.04-இல் "டிஃபால்ட்-ஜேடிகே" போட்டால் வருவது 21. அதில் இந்தக் குறுகிய வடிவம் நேரடியாக ஓடாது. கல்லூரி ஆய்வகத்தில் இன்னும் பழைய 8-கூட இருக்கலாம். ஆக, இணையத்தில் பார்க்கும் நிரல், கணினியில் இருக்கும் ஜாவா, தேர்வில் கேட்கும் ஜாவா மூன்றும் மூன்று விதமாக இருக்கும் காலம் இது. முதலில் "ஜாவா -வெர்ஷன்" தட்டி எண்ணைப் பாருங்கள். 25-க்குக் கீழே எந்த எண் வந்தாலும் பழைய முழு வடிவத்தையே எழுதுங்கள். பழைய முறையில் கம்பைல் செய்தால் இரண்டு விதிகள்: பப்ளிக் கிளாஸின் பெயரும் ஃபைலின் பெயரும் பெரிய, சிறிய எழுத்து வரை ஒன்றாக இருக்கவேண்டும். "ஜாவாசி" முடிந்தபின் ஓட்டும்போது ".கிளாஸ்" என்ற ஒட்டைச் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் மெயின் கிளாஸ் கிடைக்கவில்லை என்று சொல்லும். "ஜாவாசி" என்ற கட்டளையே இல்லை என்று வந்தால், ஓட்டும் ஜேஆர்இயை மட்டும் போட்டிருக்கிறீர்கள், கம்பைலரும் சேர்ந்த ஜேடிகேயைப் போடவில்லை.

2,400 சோதனையில் ஜாவா ஆச்சரியப்படுத்தும். ஸ்கேனர் மூலம் டபுள் எண்ணாகப் படித்தால், ஆங்கில வட்டார அமைப்புள்ள கணினியில் அது காற்புள்ளியைப் புரிந்துகொண்டு சரியாக 2400 என்றே எடுத்துக்கொள்ளும். ஆனால் மும்மூன்று இலக்கமாகப் பிரிப்பதை மட்டும்தான் அறியும். 1,00,000 என்று நம் வழக்கப்படி ஒரு லட்சத்தைக் கொடுத்தால் "இன்புட்மிஸ்மேட்ச்" என்று நின்றுவிடும். புதியவருக்கு இது குழப்பமான நடத்தை: நேற்று ஏற்ற காற்புள்ளியை இன்று ஏன் மறுக்கிறது என்று புரியாது.

பாடத்திட்டம் கேட்டால் ஜாவா. ஆண்ட்ராய்டோ வங்கி மென்பொருளோ குறியாக இருந்தால் இரண்டாவது மொழியாக ஜாவா. வேறு கட்டாயம் இல்லாதவர் கட்டளை வரியில் முதல் நிரலுக்கு இதைத் தேர்ந்தெடுக்க எங்களுக்குக் காரணம் தெரியவில்லை.

மற்ற இரண்டு

உலாவிக்கு வெளியே ஓட்டும் நோட் (நோட்.ஜேஎஸ்) மூலம் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட், இணையப் பக்கம் செய்யப் போகிறவருக்கு இயல்பான தேர்வு. ஆனால் பயனரிடம் ஒரு எண்ணைக் கேட்பதற்கே ரீட்லைன், அவெயிட் என்று இரண்டு புதிய கருத்துகள் வேண்டும். எண்ணைக் கட்டளையோடு சேர்த்துத் தருவது எளிது: "நோட் நிலம்.ஜேஎஸ் 2400". கட்டளையின் சொற்களை நிரலுக்குத் தரும் பட்டியலில் அது 2-ஆம் இடத்தில் இருக்கும், 0 நோடுக்கும் 1 ஃபைலுக்கும் போய்விடும். எழுத்தை எண்ணால் வகுத்தாலும் ஜாவாஸ்கிரிப்ட் கேள்வி கேட்காமல் சரியான விடை தரும். அதே எழுத்தோடு 100-ஐக் கூட்டினால் 2400100 என்று ஒட்டிவைக்கும். 2,400 கொடுத்தால் "நேன்", அதாவது எண் அல்ல என்று அச்சிட்டுவிட்டு நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். தப்பை மறைக்கும் இந்தத் தாராளம் முதல் மொழிக்கு நல்லதல்ல.

டெர்மினல் கட்டளைகளையே வரிசையாக எழுதிவைக்கும் பாஷ் ஸ்கிரிப்ட் முழு எண்கள் மட்டும் அறியும். 435.6 என்றதும் சின்டாக்ஸ் எரர். ஃபைல்களை நகர்த்த, நிரல்களைக் கோக்க அருமையான கருவி, ஆனால் கணக்குக்கு உரியதல்ல.

தமிழ் எழுத்தோடு பழகும் விதம்

தமிழில் நிரல் எழுதுகிறவர் இதையும் கணக்கில் எடுக்கவேண்டும். "வணக்கம்" என்பதில் நமக்கு ஐந்து எழுத்து. பைதானிடமும் ஜாவாவிடமும் நீளம் கேட்டால் 7 என்று சொல்லும், இரண்டு புள்ளிகளையும் தனித்தனியாக எண்ணுவதால். சியில் நீளம் அளக்கும் எஸ்டிஆர்லென் 21 என்று சொல்லும், யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் ஒவ்வொன்றும் மூன்று பைட். எதுவும் 5 என்று சொல்லாது. ஆனாலும் 7-இலிருந்து புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் கழித்து 5-க்கு வருவது எளிது, 21-இலிருந்து வருவது சுற்றுவழி. திரையில் கொம்பும் காலும் இடம் மாறித் தெரிந்தால் நிரலைத் திருத்தவேண்டாம், அது டெர்மினல் எழுத்தைக் கோக்கும் விதத்தின் குறை. விண்டோஸில் பைதானின் விடையை ">" போட்டு ஃபைலுக்கு அனுப்பும்போது மட்டும் "யூனிகோட்என்கோட்எரர்" வரலாம். "பைதான் -எக்ஸ் யுடிஎஃப்8 நிலம்.பிஒய்" என்று ஓட்டுங்கள், அங்கே எக்ஸ் பெரிய எழுத்து.

கட்டளைச் சொற்களே தமிழில் வேண்டுமென்றால் எழில் என்ற மொழி இருக்கிறது, அச்சிடுவதற்கு அதில் "பதிப்பி" என்று எழுதலாம். பைதான் மேல் கட்டப்பட்டது. பள்ளிப் பிள்ளைக்கு நிரலின் தருக்கத்தைத் தாய்மொழியில் காட்ட நல்ல வழி, அதன் அடுத்த படியும் பைதான்தான்.

எங்கள் தேர்வு

இன்று மாலையே ஓட்டிப் பார்க்க நினைப்பவர் பைதானை எடுங்கள். மனைக் கணக்கு ஓடியதும் அதோடு நிறுத்தாமல், 2,400 கொடுத்து உடைத்துப் பாருங்கள். பிறகு ஃப்ளோட் எண்ணாக மாற்றும் முன்பே காற்புள்ளியை நீக்கும் "ரீப்ளேஸ்" சேர்த்து, 1,00,000-ஐயும் ஏற்கும்படி திருத்துங்கள், 229.57 வரவேண்டும். ஒன்றிரண்டு மாதம் கழித்து அதே கணக்கைச் சியில் எழுதுங்கள். அப்போது அங்கே வரும் 0.00-ஐப் பார்த்ததும் எங்கே தேடவேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கணினி இல்லாமல் ஆண்ட்ராய்டு போன் மட்டும் உள்ளவர், எஃப்-டிராய்டு என்ற செயலிக் களஞ்சியத்திலிருந்து, போனில் டெர்மினல் தரும் டெர்மக்ஸ் செயலியை இறக்கி "பிகேஜி இன்ஸ்டால் பைதான்" என்று தட்டினால் மேலே சொன்ன இரண்டு வரியும் அப்படியே ஓடும். சிக்கு அங்கே "பிகேஜி இன்ஸ்டால் கிளாங்". போனின் பொதுச் சேமிப்பில் கம்பைல் செய்த நிரலை ஓட்ட ஆண்ட்ராய்டு அனுமதிக்காது. "பர்மிஷன் டினைட்" வந்தால் ஃபைலை டெர்மக்ஸின் சொந்த ஃபோல்டருக்கு நகர்த்தி, அங்கே கம்பைல் செய்யுங்கள்.